அமலோற்பவத்தின் குடைச்சல்

மலைமேல் இருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அமலோற்பவம் கடைந்த பூரிக்கட்டை ஒன்று இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

அமலோற்பவம் அங்கே மருந்தாளுநர். துறையூர்ப் பக்கத்துக்காரி. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். குள்ளமான, அகலமான உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவள் "சாப்பாட்டுக்கு அப்புறம்!" என்று சொன்னால், வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூட நாம் சாப்பிட்டோமா என்று ஒரு கணம் யோசிப்பான்.

ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தாள். பங்குச் சாமியாரிடம், கன்னியாஸ்திரியாகப் போகத்தான் ஆசை, விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டேன் என்றாள். சித்தி மகளிடம், வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் என்னைவிட நன்றாகச் சமைத்தார்கள், பொறாமையாக இருந்தது என்றாள். உண்மையான காரணம் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

மற்ற பெண் ஊழியர்கள் எல்லாம் சீட்டு எடுத்து வளையல் செய்துகொண்ட வருஷம், அவள் கோயம்புத்தூரிலிருந்து மரம் கடையும் லேத் ஒன்றை வாங்கினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு முரட்டுக் கட்டையைச் சுழலவிட்டு உளியை வைக்க, அது பூ மாதிரி சுருள்சுருளாக உதிர்வதைப் போனில் பார்த்ததுதான் காரணம். வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அந்த மிஷின் மலையேறியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "இது என்னங்க மேடம், மாவு மில்லுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழிக்கு மேல் அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

குடியிருப்புக்குப் பின்னால், விறகு போட்டு வைக்கும் கொட்டகையில் கான்கிரீட் போட்டு லேத்தை நிறுத்தினாள். முதலில் பூரிக்கட்டை. அப்புறம் பம்பரம். அப்புறம் பலாக்கட்டையில் கிண்ணங்கள். மஞ்சளாக வைரம் பாய்ந்த அந்தக் கிண்ணங்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன. அதில் ஒன்றை மருந்து ஜன்னலில் வைத்து, சில்லறை போட்டு வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். இலவச மருந்து கொடுக்கிற ஜன்னலில் சில்லறைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கத்தான் வைத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிண்ணத்தை ஒருநாள் ஓம்பிரகாஷ் கையில் எடுத்தார். அவர் தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர், தர்மபுரிக்காரர். மிளகுக்கொடிக்கு என்ன நோய் என்று சொல்லவேண்டியது அவர் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொல்வார். இருமல் மருந்துக்கு வந்தவர், கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா இது ஈஸி. வாய் அகலமா இருக்கு பாருங்க, யார் வேணா குடைஞ்சிடலாம். வாய் ரெண்டு விரல் அகலம், வயிறு பானை மாதிரி, அப்படி ஒண்ணு குடையணும். அதுதான் மேடம் வேலை."

"நீங்க எத்தனை குடைஞ்சிருக்கீங்க?"

"நான் எங்க குடைஞ்சேன்? பார்த்திருக்கேன். அதுக்குன்னே தனியா ஒரு செட்டு விக்கிறாங்க. முழங்கை மாதிரி மடங்கற இரும்புக் கை. நீங்க சும்மா புடிச்சிக்கிட்டு நின்னா போதும், அதுவே குடைஞ்சிடும்."

இருமல் மருந்தை அவள் கொடுத்த வேகத்தில் பாட்டில் ஜன்னல் பலகையில் அரையடி வழுக்கிக்கொண்டு போனது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அந்த "சும்மா" அவளை விடவில்லை. வாய் குறுகிய குடுவை ஒன்றைக் குடைந்தே தீருவது என்று முடிவு செய்தாள். எதை வேண்டுமானாலும் வைத்துக் குடைவது, அந்த மடங்கும் கையை மட்டும் வாங்குவதில்லை என்றும் அப்போதே முடிவு செய்தாள்.

கிண்ணம் குடையும்போது உளி கைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். வாய் குறுகிய குடுவையில் இரண்டும் கிடையாது. உளியைத் தாங்கும் கட்டை வெளியே நின்றுவிடும். உளி முனை மட்டும் இருட்டுக்குள் ஒரு முழம் தள்ளிப் போய்த் தனியாக வேலை பார்க்கவேண்டும். அந்தத் தாங்கு கட்டையைவிட்டு முனை எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்குச் சுழலும் மரத்தின் பலம் கூடும், பிடித்திருப்பவரின் பலம் குறையும். அதைச் சமாளிக்க மூன்று வழி உண்டு என்று வீடியோக்களில் பார்த்து வைத்திருந்தாள். நீளக் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பால் தாங்குவது ஒன்று. கம்பியை இரும்புச் சட்டத்துக்குள் சிறைவைப்பது இன்னொன்று. மூன்றாவது, ஓம்பிரகாஷ் சொன்னது. ஆகவே அவளைப் பொறுத்தவரை வழி இரண்டுதான்.

முதல் வழிக்குக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, லாரிக்கு வில்பட்டை கட்டும் அர்த்தனாரியின் பட்டறைக்குப் போனாள்.

"ஏனுங்க மேடம், லாரி அச்சுல ஒடஞ்ச கம்பி ஒண்ணு கெடக்குதுங்க. நுனியில நல்ல முனையா வெச்சுக் குடுத்தர்றேன். அதுல இந்த மலையவே குடையலாமுங்க."

"மலையைக் குடைஞ்சா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. பலாக்கட்டைக்குப் பத்துமான்னு சொல்லுங்க."

"லாரியையே தாங்குதுங்க!" என்றார் அர்த்தனாரி. எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் அதுதான்.

கட்டை, மலையிலேயே இன்னொரு பக்கம் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து வந்தது. மாதாமாதம் பி.பி. மாத்திரைக்கு வரும் செங்கோடன் என்ற விவசாயி, காற்றில் சாய்ந்த பலாவின் அடித்துண்டு ஒன்றைப் பஸ்ஸின் பின்சீட்டில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். பால் இன்னும் காயாமல் கட்டை பிசுபிசுவென்று இருந்தது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம்.

"இதுல என்னத்தைங்க பண்ணப் போறீங்க?"

"குடுவை."

"என்ன ஊத்தி வெக்கறதுக்குங்க?"

"ஒண்ணும் ஊத்த மாட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க அதைக் குடையோணும்? கட்டையாவே இருந்துட்டுப் போவட்டுமே."

அமலோற்பவம் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா, இல்ல ஆட்டுக்குப் போடறீங்களா?" என்று அதட்டி அவரை அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். குடுவையின் வெளிவடிவம் அருமையாக வந்தது. நடுவில் துளையும் போட்டாயிற்று. அர்த்தனாரியின் கம்பியை அக்குளில் இடுக்கி, முனையை உள்ளே விட்டாள். முதல் அரைமணி நேரம் சுகமாகப் போனது. மரத்தின் நடுக்கம் கம்பி வழியாக விலா எலும்பு வரைக்கும் தெரிந்தது. இதல்லவா வேலை, இந்த ஓம்பிரகாஷ் என்ன கண்டான் என்று நினைத்தாள். அப்படி நினைத்த நேரத்தில் முனை மயிரிழை கீழே இறங்கிவிட்டது.

மரம் முனையைக் கவ்வியது. கம்பி அக்குளுக்குள் முறுக்கிக்கொண்டு எழுந்து அவளைச் சுவரோரம் தள்ளியது. குடுவை கழுத்தோடு பிய்ந்து, தகரக் கூரையில் மோதி, திரும்பி வந்து கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூலையில் போய் விழுந்தது. கவசம் இல்லாவிட்டால் அமலோற்பவத்தின் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் ரோஸ்லினிடம் காட்டினாள். மெடிக்கல் ஆபீசராக வந்திருந்த சின்னப் பெண். அக்குளிலிருந்து விலா வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

"எப்படி ஆச்சு?"

"குடைஞ்சிட்டிருந்தேன் டாக்டர்."

"காதையா?"

"காதைக் குடைஞ்சா அக்குள்ல எப்படி அடிபடும்? கட்டையை டாக்டர். மரக்கட்டை."

டாக்டர் ரோஸ்லின் கையை மேலே தூக்கச் சொன்னாள். பாதிக்கு மேல் போகவில்லை. தோள்மூட்டு ஏற்கெனவே இறுகிக்கொண்டு வருகிறது, இந்த அடி அதற்குச் சீக்கிரம் வழிகாட்டிவிடும் என்று சொல்லிவிட்டு, கண்டிப்பான குரலில் சேர்த்தாள்: "இனிமே அக்குள்ல எதையும் இடுக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. தெர்மாமீட்டரைத் தவிர."

ஆக முதல் வழி அடைபட்டது. அமலோற்பவம் மறுபடியும் பட்டறைக்கு இறங்கினாள்.

இரண்டாவது வழியில் கம்பியின் பின்பகுதி நீளமான ஒரு வளையமாக இருக்கும். லேத்துக்குப் பின்பக்கம் நிற்கும் இரும்புச் சட்டம் அந்த வளையத்தை மேலும் கீழும் கவ்விக்கொள்ளும். மரம் எவ்வளவு முறுக்கினாலும் வளையம் புரளாது. முன்னே, பின்னே, பக்கவாட்டில் மட்டும் நகரும். அக்குளுக்கு வேலையே இல்லை. படத்தைப் போனில் பார்த்த அர்த்தனாரி, "இது நம்ம லாரி பாடியில கயிறு கட்டற கம்பியாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லி, அதே அளவுக்கு, அதே பலத்துக்குச் செய்தும் கொடுத்தார். இரண்டு பேர் பிடித்துத்தான் பஸ்ஸில் ஏற்ற முடிந்தது.

கொட்டகையில் பொருத்திய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. குடுவைக்குள் சேரும் மரச்சீவலை அவ்வப்போது எடுக்காவிட்டால் முனை இறுகிக்கொள்ளும். எடுப்பதற்குக் கம்பியை முழுக்க வெளியே இழுக்கவேண்டும். இழுத்தால் வளையத்தின் பின்கோடி போய்ச் சுவரில் முட்டியது. வளையத்தைச் சின்னதாக்கினால் சட்டத்தைவிட்டுக் கழன்றுவிடும். லேத்தை நகர்த்தலாம் என்றால் அது கான்கிரீட்டில் நிற்கிறது. அமலோற்பவம் லேத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இரண்டில் சுவர்தான் மெலிதாக இருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சுகாதார ஆய்வாளர் நல்லுசாமியின் குளியலறை. நல்லுசாமி ராசிபுரத்துக்காரர். குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில்தான் முகம் காட்டுவார். சட்டதிட்டம் பார்க்கிற மனிதர். தன் குளியலறையில் துண்டு போட ஒரு கம்பி இல்லை என்று குடியிருப்பைப் பராமரிப்பவர்களுக்கு மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தவர். ஆணி அடிக்கலாமே என்று சொன்னால், அரசாங்கச் சுவரில் ஆணி அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பார்.

சனிக்கிழமை மத்தியானம், அவர் ஊருக்குப் போயிருப்பார் என்ற நம்பிக்கையில், அமலோற்பவம் ஒரு செங்கல்லை நெம்பி எடுத்தாள். ஞாயிறு சாயங்காலம் திரும்ப வைத்துப் பூசிவிட்டால் தீர்ந்தது. மோட்டாரைப் போட்டாள். கம்பியைத் தள்ளினாள், குடைந்தாள், இழுத்தாள். வளையத்தின் பின்கோடி சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிரமாதம். சீவலை எடுக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, துரட்டி மாதிரி வளைத்த ஒரு கம்பியால் குடுவைக்குள் துழாவ ஆரம்பித்தாள்.

நல்லுசாமி அந்த வாரம் ஊருக்குப் போகவில்லை. மச்சினன் குடும்பம் வந்திருக்கிறது என்று தெரிந்து, ஆபீசில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆயிற்றே என்று தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறிவிட்டு, கோவணத்தோடு குளியலறைக்குள் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தார். பளபளவென்று, கையளவு அகலத்தில், உறுதியான ஒரு துண்டுக் கம்பி. கடைசியில் ஒருவழியாக மனுவைப் படித்துவிட்டார்கள். தொட்டுப் பார்த்தார், ஆடவில்லை. அரசாங்கம் மெதுவாகச் செய்தாலும் உருப்படியாகச் செய்யும் என்று நெகிழ்ந்துபோய், துண்டையும் வேட்டியையும் அதில் போட்டுவிட்டு, தலைக்குச் சீயக்காய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தப் பக்கம் அமலோற்பவம் மோட்டாரைப் போட்டுக் கம்பியைத் தள்ளினாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சட்டத்தில் தூசி அடைத்திருக்கும் என்று பலமாகத் தள்ளினாள். பச்சைக்கரை போட்ட துண்டு ஒன்று சுவருக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டியது.

அவள் மோட்டாரை நிறுத்தவும் அந்தப் பக்கம் கூச்சல் கேட்கவும் சரியாக இருந்தது.

"மேடம்! மேடம்! செவுரு என்ற துண்டை முழுங்குதுங்க!"

அமலோற்பவம் செங்கல் இடுக்கில் வாயை வைத்தாள். "நீங்க ஊருக்குப் போகலையா?"

"மொதல்ல துண்டைக் குடுங்க! வேட்டியும் உள்ள போயிருச்சுங்க!"

"இருங்க இருங்க. கண்ணை மூடிக்கிட்டே குடுக்கறேன்."

"நாந்தானுங்க கண்ணைத் தொறக்க முடியாம நிக்கிறேன், சீயக்கா!"

துண்டு ஓட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தது. வேட்டியில் ஒரு முழம் கிழிந்திருந்தது. பத்து நிமிஷம் கழித்து, தலையில் சீயக்காய்த் தூளோடு நல்லுசாமி கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லலாமில்லைங்க மேடம்?"

"சொல்லியிருந்தா மனு எழுதித் தரச் சொல்லியிருப்பீங்க."

நல்லுசாமி கிழிந்த வேட்டியைத் தூக்கிக் காட்டினார். சத்தம் போடத்தான் வந்திருந்தார். ஆனால் அவர் குரலில் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. "அரசாங்கம் வெச்ச கம்பின்னு நெனச்சுட்டனுங்க. கையெடுத்துக்கூடக் கும்பிட்டுட்டனுங்க."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அன்றைக்கே செங்கல்லை வைத்துப் பூசினாள். பூசும்போதே சுவரில் பலாக்கட்டையில் கடைந்த இரண்டு முளைகளையும் பதித்துவிட்டாள். அவை அதிகாரமில்லாத முளைகள்தான். ஆனாலும் நல்லுசாமி இன்றுவரை அதில்தான் துண்டு போடுகிறார்.

இனி அவள் ஒத்துக்கொள்ள வேண்டிய நேரம். கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து நேர்மையாக யோசித்தாள். தோள்பட்டை அக்குள் கம்பியைத் தாங்காது. கொட்டகை வளையக் கம்பியைத் தாங்காது. மடங்கும் கைக்குப் பின்னால் இடம் தேவையில்லை. முறுக்கை அதன் மூட்டுகள் வாங்கிக்கொள்ளும். தோளுக்கு வேலை இல்லை. தன் உடம்புக்கும் தன் கொட்டகைக்கும் பொருந்துவது அதுதான் என்று முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தேதான் இருந்தது. அந்த மனிதர் சொன்னார் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லுக்காக ஒரு குடுவையும் ஒரு செங்கல்லும் ஒரு வேட்டியும் போயிருக்கின்றன.

கோயம்புத்தூரில் அந்தக் கைகளைச் செய்து விற்கும் ஒருவரைப் போனில் பிடித்தாள்.

"முட்டியில ஆட்டம் இருக்குமா?"

"எந்த முட்டிங்க? உங்களுதா, கையோடதா?"

"என் முட்டிக்கு நான் மாத்திரை போட்டுக்கறேன். கையைச் சொல்லுங்க."

"மேல கீழ துளி ஆட்டம் இருக்காதுங்க. பக்கவாட்டுல மட்டும் வழுக்கிட்டுப் போகும். எவ்வளவு ஆழம் குடையப் போறீங்க?"

அவள் ஆழம் சொன்னாள், லேத்தின் உயரம் சொன்னாள், குடுவையின் தோளுக்குள் முனை வளைந்து போகவேண்டும் என்பதால் நேர்முனையும் வளைந்த முனையும் இரண்டும் வேண்டும் என்றாள். கேட்டவர் மரியாதையாக, "சார் எத்தனை வருஷமா கடையறாருங்க?" என்றார். "சார் இல்லை, நான்தான் சார்" என்றாள் அமலோற்பவம்.

பார்சல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓம்பிரகாஷ், அவள் தனியாகத் திணறுவதைப் பார்த்து ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், வாய் மட்டும்தான் தொந்தரவு.

"என்ன மேடம் இவ்வளவு கனம்?"

"சிரப்பு பாட்டில்."

அவர் அதைத் தோளில் தூக்கி வைத்து, மூச்சு வாங்க அவள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து இறக்கினார். வழியெல்லாம் அந்த மடங்கும் கையை இன்னும் வாங்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

செங்கோடன் கொண்டுவந்த அடித்துண்டின் மிச்சப் பாதி, வளையக் கம்பியால் கொஞ்சம் குடைந்த நிலையில் இருந்தது. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேத்தில் ஏற்றினாள். ஆடித் திருவிழாக் கடையில் வாங்கிய, குழந்தைகள் விளையாடும் சிவப்பு லேசர் விளக்கை இரும்புக் கையின் மேல் கட்டினாள். உள்ளே இருட்டில் முனை எங்கே இருக்கிறதோ, அதற்கு ஒரு விரற்கடை வெளியே, குடுவையின் மேல் அந்தச் சிவப்புப் புள்ளி விழும்படி வைத்தாள். புள்ளி மரத்தின் மேல் இருக்கும்வரை குடையலாம். மரத்தின் ஓரத்தைத் தாண்டிப் புள்ளி கீழே விழுந்தால், அங்கே சுவர் விரற்கடை கனத்துக்கு வந்துவிட்டது, நிறுத்து என்று அர்த்தம்.

ஓம்பிரகாஷ் சொன்னது பாதி உண்மை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கை அவ்வளவு இலகுவாக வழுக்கிக்கொண்டு போனது. மரம் கவ்வவில்லை, உதறவில்லை. ஆனால் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சீவலுக்காக நிறுத்தி நிறுத்தித் துழாவவேண்டியிருந்தது. பச்சை மரத்தின் பால் முனையில் அப்பிக்கொண்டது. சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. கட்டைக் குரலில் உறுமிக்கொண்டிருந்த மரம் கடைசியில் விசில் அடிக்க ஆரம்பித்தது. புள்ளி ஓரத்தில் நடுங்கி, கீழே விழுந்தது. அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

அந்த வாரமும் ஊருக்குப் போகாத நல்லுசாமியின் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "மேடம், சத்தம் நின்னுபோச்சுங்களே. உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் நல்லுசாமி சார். நல்லாவே இருக்கேன்."

குடுவையைக் கையில் எடுத்தாள். கண்ணுக்கு ஒரு பூசணிக்காய் அளவு. கைக்கு ஒரு தேங்காய் அளவுதான் கனம். வாயில் இரண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சி குடிக்கவும் மறந்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

காயவைத்து, எண்ணெய் பூசி, மருந்து ஜன்னலில் வைத்த அன்று கூட்டம் அதிகம். மாத்திரைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். உண்டியலா என்று ஒருவர் கேட்டார். அமலோற்பவம் மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அவள் காத்திருந்தது ஒரே ஓர் ஆளுக்காக. பதினொரு மணி வாக்கில் இருமிக்கொண்டே அந்த ஆள் வந்தார்.

ஓம்பிரகாஷ் குடுவையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். வாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அமலோற்பவம் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினாள்.

"சூப்பர் மேடம். ரெண்டு பாதியா குடைஞ்சு ஒட்டியிருக்கீங்க. ஒட்டு தெரியவே இல்லை."



"ஒட்டலை" என்றாள் அமலோற்பவம்.

"சும்மா சொல்லாதீங்க மேடம். எந்தப் பசைன்னு மட்டும் சொல்லுங்க."

மறுபடியும் அந்த "சும்மா". அமலோற்பவம் ஜன்னலைச் சாத்தினாள். பின்பக்கமாகப் போய், கொட்டகையிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கமாக வந்தாள். வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். குடுவையை வாசல் பெஞ்சில் படுக்கவைத்து, ஒரு முனையை ஓம்பிரகாஷையே பிடிக்கச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ரம்பம் கழுத்தில் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் ரோஸ்லின், ஸ்டெதாஸ்கோப் காதிலேயே இருக்க அப்படியே நின்றாள்.

குடுவை நெடுக்காக இரண்டாகப் பிரிந்தது. உள்ளே மஞ்சள் பட்டுபோல வழவழப்பு. கழுத்திலிருந்து அடிவரை சுவர் ஒரே விரற்கடை கனம். ஒட்டும் இல்லை, பசையும் இல்லை.

ஓம்பிரகாஷ் விளிம்பில் மெல்ல விரலை ஓட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒட்டலை மேடம்" என்றார். பிறகு, "ஆனா இவ்வளவு நல்லா இருந்ததை ஏன் மேடம் அறுத்தீங்க? நான் என்ன, கிறுக்கன். எதையாவது சொல்வேன்" என்றார்.

அவள் அப்போதுதான் கையிலிருந்த இரண்டு பாதிகளையும் பார்த்தாள்.  வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு என்னவோ இருந்தது. வரிசையில் யாரோ ஒரு பாட்டி, "சரி கண்ணு, மாத்திரையக் குடு, பஸ் போயிரும்" என்றாள். அமலோற்பவம் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். அன்றைக்கு அவள் "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

அறுத்ததால் ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்த பிறகும் டாக்டர் ரோஸ்லின் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாதிகளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் இவ்வளவு ஒழுங்காக எப்படி வந்தது என்று கேட்டாள். அமலோற்பவம் முனகலாக ஆரம்பித்து, புள்ளி, சத்தம், சீவல் என்று சொல்லச் சொல்லக் குரல் பழையபடி ஏறிவிட்டது. வெளியே நின்றிருந்த ஓம்பிரகாஷுக்கும் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, "எதை வெச்சு மேடம் குடைஞ்சீங்க?" என்றார்.

பொய் சொல்ல அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. சொல்லவில்லை. "மடங்கற கை" என்றாள்.

ஆச்சரியம், அவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார். இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் வருகிறார். சீவல் துழாவுவது அவர் வேலை. உளியைத் தொட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இரண்டாவது குடுவை கோணிக்கொண்டது, மூன்றாவது பிழைத்தது, நான்காவது இப்போது லேத்தில் இருக்கிறது. பூசைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது கொட்டகையிலிருந்து மோட்டார் சத்தத்துக்கு மேல் இரண்டு பேர் சண்டை போடுவது கேட்கும். நான்காவது குடுவைக்கு ஒரு மூடி கடைந்து போடவேண்டும், அப்போதுதான் முழுமை என்பது அவர் கட்சி. மூடிவிட்டால் நான் உள்ளே குடைந்தது எவனுக்குத் தெரியும் என்பது அவள் கட்சி.